பயாஸும் பக்கத்து வயல்காரரும்

கும்பகோணத்துக்கும் திருப்பனந்தாளுக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஒரு தனியார் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். அதை விட்டபிறகு வெளிநாட்டில் வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். விவசாயம் பார்ப்பது என் மனைவி. எங்கள் நிலமும், பக்கத்தில் குத்தகைக்கு எடுத்ததும் அவள் பொறுப்பு. எந்த ரகம் போடுவது, எப்போது நாற்று விடுவது என்பதையெல்லாம் வரப்பில் நின்ற வாக்கில் சொல்லிவிடுவாள். நான் செருப்பு வாங்கக் கடைக்குப் போனால் நாலு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்துவிட்டுப் பழைய செருப்போடு திரும்பி வருகிற ஆள்.

அந்த வருஷம் குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம் என் கம்ப்யூட்டருக்கு இரைப்பு வந்தது. உள்ளே இருக்கும் ஃபேன் போட்டதும் ஓலமிட ஆரம்பித்து, அணைக்கும்வரை நிற்காது. கும்பகோணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வாங்கும்போதே வயசான பெட்டிதான். வகுப்பில் ஒரு பெண்குழந்தை, "சார், நீங்க ஏர்போர்ட்ல இருக்கீங்களா?" என்று கேட்டது. ஆத்திசூடியை நான் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஆறுவது சினம்' என்பதை அந்தச் சத்தத்தில் சொன்னால் எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் செய்த கம்பெனியின் வெப்சைட்டில் போய்த் தேடினேன். உங்கள் பயாஸ் பழசாகிவிட்டது, புதுசு போட்டால் ஃபேன் சத்தம் குறையும் என்று இருந்தது. பயாஸ் என்பது ஒரு சின்ன புரோகிராம். பொத்தானை அமுக்கியதும் முதலில் எழுந்து, மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற வேலை அதற்கு. அதைப் புதுப்பிக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: புதுப்பிக்கும்போது பாதியில் மின்சாரம் போனால் கம்ப்யூட்டர் மறுபடி எழாமலே போகலாம்.

எங்கள் ஊரில் பத்து நிமிஷம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அதுவும் குறுவைக் காலத்தில் எல்லா போர்செட் மோட்டாரும் ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் மோட்டாரைப் போட்டால் எங்கள் வீட்டு டியூப்லைட் கண்ணடிக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யூபிஎஸ், கரண்ட் போனதும் ஒரு தடவை 'கீச்' என்று சொல்லிவிட்டு அதுவும் கூடவே போய்விடும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. போடலாமா, வேண்டாமா?

மல்லிப்பட்டினத்தில் என் காலேஜ் சிநேகிதன் ஒருவன் படகு வைத்திருக்கிறான். போனில் கேட்டேன்.

"தொடாதடா," என்றான். "ஓடற வண்டியோட வயித்தக் கிழிக்காத. நான் பட்டவன் சொல்றேன்."

மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று அவன் படகில் இருக்கிறது. அதற்குப் புது அப்டேட் வந்திருக்கிறதே என்று போட்டானாம். போட்டதும் அது கொரிய மொழிக்கு மாறிவிட்டது. தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"அப்புறம் என்ன பண்ணினே?"

"என்னத்தப் பண்றது? கொரிய எழுத்துல ஒண்ணு வீடு மாதிரி இருக்கும். அது வந்தா வலையப் போடுவோம். குச்சி குச்சியா ஒண்ணு வரும். அது வந்தா பாறை, திரும்பிடுவோம். எங்க டிரைவரு இப்ப கொரியா படம் பார்த்தா எழுத்தப் பார்த்துட்டு 'மீனு, மீனு'ங்கறான்."

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. மனைவியிடம் கேட்டேன். அவள் அப்போது தண்ணீர்க் கவலையில் இருந்தாள். நாற்றுக்கு வயசு ஏறிக்கொண்டிருந்தது. நடவு வயலில் உழவடிக்கத் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் எங்களுக்கு மேலே இருப்பது பக்கத்து வயல்காரரின் நிலம். எந்த மடையை யார் முதலில் திறப்பது என்பதில் அவருக்கும் எங்களுக்கும் தகராறு வந்து, சில வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய மடையைத் திறந்தே வைத்திருந்தார். எங்களுக்கு வாய்க்காலில் வந்தது ஈரம் மட்டும்தான்.

"போடறதுன்னா போடுங்க, இல்லன்னா விடுங்க," என்றாள் மனைவி. "ஒரு பொட்டிக்கு இவ்வளவு யோசனையா? இங்க நாத்து பழுக்குது."

மச்சான், அதாவது அவளுடைய தம்பி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். வெல்டிங் வேலைதான். ஆனால் சிங்கப்பூரில் இருப்பதால் அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்றால்தான் நன்றாகக் கேட்கும். ஒரு சாயங்காலம் அங்கே போய் நின்று அவனைக் கூப்பிட்டேன். அவன் பட்டறையில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார்கள் போல. நான் கத்திப் பேச வேண்டியிருந்தது.

நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னால் பலரும் அதை எனக்கே திரும்பச் சொன்னார்கள்.

"பயாஸ்தான்! ஆமா, பண்ணித்தான் ஆகணுங்கறாங்க!... மூச்சு ரொம்ப இரைக்குது. சூடு ஏறுது... வயசாயிடுச்சுல்ல, எவ்வளவு நாளைக்கு ஓடும்?... பாதியில நின்னுட்டா அவ்வளவுதான்டா, மறுபடி எழுந்திரிக்காது!... உங்கக்காவா? அவளுக்கு நாத்துக் கவலை. இத அவ பெருசா எடுத்துக்கல..."

"தைரியமா பண்ணுங்க அத்தான்," என்றான் மச்சான். "நான் சொல்றேன்ல?"

"நீ சொல்லுவே. போனா இங்கதானே போகும்!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் குரல் கொஞ்சம் தழுதழுத்திருக்கலாம். மதகுக்குப் பக்கத்திலேயே மோட்டார் கொட்டகை. அதன் வாசலில் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை மனைவி வயலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"என்னங்க, நம்ம வாய்க்கால்ல தண்ணி வருது!"

"மழையா?"

"மழை ஏது? அவரே வந்து அவரு மடைய அடைச்சுட்டு நமக்குத் திறந்து விட்டுருக்காரு. என்னைப் பார்த்து, 'முதல்ல உன் நடவ முடிச்சுக்கம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல'ங்கறாரு. கண்ணு கலங்கியிருக்கு."

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மத்தியானம் புரிந்தது. அவருடைய மனைவி ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் ஒரு சீப்பு பழமும் கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும் கலங்காதடி. எங்க சின்ன மாமியாருக்கும் அந்த பயாப்ஸிதான் எடுத்தாங்க. இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்காங்க."

"பயாப்ஸியா? ஐயோ, அக்கா, அது அவருக்கு இல்ல. பயாஸு. கம்ப்யூட்டருக்கு!"

"ஆமாண்டி, இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் எடுக்கறாங்க. வலியே தெரியாதாம்."

என் மனைவி எவ்வளவோ சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்கு அழுகை கூடியது. கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வந்த மனைவி கஞ்சியை என் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"அப்ப நான் போய் அவர்கிட்டயே சொல்லிடறேன்."

"சொல்லுங்க," என்றாள். கொஞ்சம் யோசித்து, "தண்ணி வயல்ல ஏறினதுக்கு அப்புறமா சொன்னா ஆகாதா?" என்றாள். உடனே அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "இல்ல, இப்பவே போங்க. தப்பு."

போனேன். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறி வரப்பில் விரித்தார். "உக்காருங்க வாத்தியாரே, உக்காருங்க. இவ்வளவு தூரம் நடக்கலாமா?"

"அண்ணே, நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்படித்தான் நினைக்கணும். மனசு தைரியமா இருந்தாப் பாதி குணம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எந்த இடத்துல?"

"மதர்போர்டுலண்ணே."

அவர் முகம் இறுகியது. "மதரு... அப்ப அம்மா வழியில வந்ததா? அவங்களுக்கும் இருந்துச்சா?"

"அண்ணே, கம்ப்யூட்டரோட பலகை அது! பயாஸ்னு ஒரு புரோகிராமு. நான் வாங்கின பெட்டிக்குத்தான்..."

"புரியுது," என்றார். என் தோளில் கை வைத்தார். "ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்னு பார்க்கறீங்க. என்கிட்ட சொன்னீங்கள்ல, போதும். இதோட விட்டுடுங்க. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்."

அவர் வாயைத் திறக்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் எனக்கு மட்டும் டம்ளரை வெந்நீரில் இரண்டாம் முறை கழுவிக் கொடுத்தார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு காலேஜ் பையனை எழுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். கோயில் குருக்கள் நான் கேட்காமலே என் நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை செய்தார். எல்லோரிடமும் நான் உண்மையைத்தான் சொன்னேன். "கம்ப்யூட்டருக்குங்க" என்பேன். அவர்கள் பார்வையில் என்மேல் மரியாதை இன்னும் கூடும். எத்தனை பெரிய கஷ்டத்தை எப்படிச் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறார், பாருங்கள்! ஒரு கட்டத்தில் எனக்கே நெஞ்சில் லேசாக ஏதோ அடைப்பது போலிருந்தது. கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன்.

இதற்கிடையில் தண்ணீர் ஏறி, உழவு முடிந்து, நடவும் முடிந்துவிட்டது. பயாஸ் மட்டும் போடவில்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் எது என்று கேட்பதற்காக எங்கள் பகுதி லைன்மேனைப் பிடித்தேன்.

"கரண்ட் எப்பங்க போகாது?"

அவர் கம்பத்தைப் பிடித்தபடி யோசித்தார். "எப்ப போகும்னு கேளுங்க, சொல்றேன். போகாதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார். எதுக்கு?"

சொன்னேன். அவருக்குப் புரிந்த மாதிரிதான் தலையாட்டினார். ஆனால் நேராகப் பக்கத்து வயல்காரரிடம் போய், "வாத்தியாருக்கு வீட்டுலயே வச்சுத்தான் பண்றாங்களாம். ஏதோ மிஷினு. பத்து நிமிஷம் கரண்ட் நிக்கக்கூடாதாம்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே பக்கத்து வயல்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வெள்ளிக்கிழமை காலைல பண்ணிடுங்க. எமகண்டத்துக்கும் ராகு காலத்துக்கும் முன்னாடி. ஒம்பது மணிக்கு. நம்ம டிரான்ஸ்பார்மர்ல இருக்கற மோட்டார்காரங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ஒருத்தரும் மோட்டாரப் போட மாட்டாங்க. லைன்மேனும் வந்து நிக்கறேன்னுட்டாரு. இதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க, வாத்தியாரே. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

வாரக்கணக்காக என்னால் எடுக்க முடியாத முடிவை அவர் எடுத்துவிட்டார். "சரிங்கண்ணே" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே அமைதியாக இருந்தது. குறுவைக் காலத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. மடையான் கொக்கு பறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் கூடத்தில் பக்கத்து வயல்காரர், அவர் மனைவி, லைன்மேன் மூவரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"டாக்டர் எப்ப வருவாரு?" என்று பக்கத்து வயல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"யாரும் வர மாட்டாங்கண்ணே. நான்தான் பண்ணணும்." பென்டிரைவைக் காட்டினேன். "மருந்து இதுக்குள்ள இருக்கு."

அதைச் செருகினேன். திரையில் வந்ததைப் படித்து, 'சரி' என்பதை அமுக்கினேன். ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. ஐந்து சதவீதம். எட்டு. அவர் கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். என் உடம்பில் எந்த ஒயரும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும்.

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. இத்தனை நாளா அதத்தான் சொன்னேன். இந்தப் பெட்டிக்குத்தான்."

இருபத்திரண்டு சதவீதம். அவர் மனைவி, "அப்ப கஞ்சி?" என்றாள்.

அவர் எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. "ஒரு பொட்டிக்கா? இந்த ஓட்டப் பொட்டிக்கா நான் என் பயிரக் காயப் போட்டேன்? நான் இப்பவே போய் மோட்டாரப் போடறேன்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அவர் மோட்டாரைப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். அதோடு வோல்டேஜ் விழும். நான் நாற்காலியை விட்டு எழவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இருந்தேன். லைன்மேன் பாய்ந்து வாசல்படியில் குறுக்கே நின்றார். என் மனைவியும் ஓடிவந்தாள்.

"அண்ணே, முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. நூறு வரைக்கும் பொறுங்கண்ணே. அதுக்கப்புறம் நீங்க மோட்டாரப் போடுங்க, எங்க மடைய வெட்டுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. பாதியில நின்னா செத்துடும்ணே!"

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி என்று சொன்னவள் அவள்தான்.

"செத்துடும்" என்ற சொல் அவரை நிறுத்தியது. திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொன்று. வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். உட்காரவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அறுபதைத் தாண்டியபோது, "ஏன் அங்கயே நிக்குது?" என்றார். எழுபத்தைந்தில் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறில் லைன்மேன் வாசலிலிருந்து, "எவ்வளவு?" என்று கத்தினார். இவர், "தொண்ணூறு! பேசாத!" என்று கத்தினார்.

நூறு வந்தது. உடனே திரை இருண்டது. முழு இருட்டு. ஃபேன்கூட நின்றுவிட்டது.

நான் படித்திருந்தேன், இப்படி ஆகும் என்று. ஆனால் படித்ததெல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் அவர், "போயிடுச்சா?" என்று கேட்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்.

அப்புறம் ஒரு 'டிக்'. வெளிச்சம் வந்தது. கம்பெனியின் அடையாளம், அதன் பிறகு வழக்கமான நீலத் திரை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். அவர் கையைத் தட்டினார். தட்டிய பிறகுதான் தான் கோபமாக இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கையை மடக்கிக்கொண்டார். வெளியே எங்கோ முதல் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

சத்தம் குறைந்தது உண்மை. முழுதாகப் போகவில்லை, பாதி போனது. பிள்ளைகளிடம் சாதாரணக் குரலில் பேச முடிந்தது. அதுவே எனக்குப் போதும்.

மறுவாரம் அவர் வந்து கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடியே, "வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகணும்" என்றார். "நீங்களும் வரணும்."

"எதுக்குண்ணே?"

"வேண்டுதல். மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சுத்தானே வேண்டினீங்க? எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. அது செல்லாதுண்ணே."

அவர் இதை நன்றாக யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "'வாத்தியாரு பயாஸு நல்லபடியா முடியணும்'னுதான் வேண்டினேன். வார்த்தை அதுதான். முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுது."

"அப்ப?"

அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. மயிலாடுதுறை போய் பஸ் மாறி இருவரும் போனோம். முடி எடுக்கும் இடத்தில் அவர் மணைப்பலகையில் உட்கார்ந்தார். முடி எடுப்பவர் தண்ணீரைத் தடவிக்கொண்டே, "யாருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க?" என்று வாஞ்சையாகக் கேட்டார்.

"இவரு கம்ப்யூட்டருக்கு," என்றார் என்னைக் காட்டி.

முடி எடுப்பவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "இப்ப பரவாயில்லைங்களா?"

"பரவாயில்லைங்க," என்றேன். "இரைப்பு பாதி குறைஞ்சிருக்கு."

"எல்லாம் அவன் செயல். குனிங்க," என்று அவர் கத்தியை எடுத்தார்.

திரும்பி வரும்போது கும்பகோணத்தில் இறங்கிக் காபி குடித்தோம். சந்தனம் பூசிய தலையை அவர் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார். டபராவில் ஆற்றியபடி, "இந்த வருஷம் மடையத் திறந்தது திறந்ததுதான்," என்றார். "அடுத்த வருஷம் முறைப்படி பேசிக்குவோம். உங்க வீட்டம்மாவ வரச் சொல்லுங்க. உங்ககிட்டப் பேசினா முடியாது."

"சரிங்கண்ணே."

ஊருக்கு வரும் பஸ்ஸில் கூட்டம். ஒரு ஜன்னலோரம்தான் காலியாக இருந்தது. அவர் என்னை அதில் தள்ளி உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.